அமைச்சருக்கு வலிக்கக் கூடாது

குலுக்கலில் தைலம்மையின் பெயர் விழுந்த செய்தி வந்தபோது, வெண்மணல்துறையின் துணை வட்டாட்சியர் இளவரசி ஒரு வாரிசுச் சான்றிதழ்த் தகராறில் தலையைக் கொடுத்திருந்தாள். இறந்துபோன ஒருவரின் இரண்டு குடும்பங்களும் அவள் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தன. மூன்றாவது முறை அடித்த பிறகுதான் கைபேசி அவள் காதில் விழுந்தது. கலெக்டர்.

"ஏம்மா, வெள்ளைத்திடல் உங்க வட்டத்துலதானே வருது?"

"ஆமா சார்."

"அங்க தைலம்மைன்னு ஒரு உப்பளத் தொழிலாளி. அம்பத்திரண்டு வயசு. நாளையிலேருந்து ஒன்பது நாளைக்கு அமைச்சரோட உடம்பு அந்தம்மாகிட்ட இருக்கு. புரியுதா?"

புரியவில்லை. "புரியுது சார்" என்றாள். பதினான்கு வருட சர்வீஸில் அந்தப் பதிலுக்கு வேறு பதில் கிடையாது என்பதை அவள் கற்றிருந்தாள்.

மாலைக்குள் எல்லாம் புரிந்துபோயிற்று. நீடித்த வளர்ச்சிக்கான உலக மாநாடு ஆஸ்லோவில் கூடுகிறது. இதற்கு முன் எத்தனையோ மாநாடுகள் நடந்துவிட்டன. ஒவ்வொன்றின் முடிவிலும் உலகத் தலைவர்கள் ஆழ்ந்த கவலை தெரிவித்தார்கள். கவலையின் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு கூடியதே தவிர, கடலும் வெயிலும் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரர் எழுந்து, "உங்களுக்குத் தெரியாமல் இல்லை, உங்களுக்கு வலிக்கவில்லை, அதுதான் கோளாறு" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் நரம்பியல் விஞ்ஞானி. சொன்னதோடு நிற்காமல் ஒரு கருவியையும் செய்து கொண்டுவந்துவிட்டார். இணைப்பட்டி என்று பெயர். ஒன்றைக் குடிமகன் கையில் கட்டுவார்கள், ஜோடியை அவர் நாட்டுப் பிரதிநிதியின் கையில். இவர் உடம்பு படுகிற பாட்டை அவர் உடம்பும் படும். யாரைக் கட்டுவது என்பதை மாநாட்டுச் செயலகமே குலுக்கல் போட்டு எடுக்கும்.

அந்த ஆண்டு முதல்முறையாகக் கடலோர மாநிலங்களுக்கும் தனி இருக்கை கொடுத்திருந்தார்கள். அந்த இருக்கைக்காக நம் அரசு மூன்று வருடம் போராடியது. கிடைத்தபோது தலைநகரில் வெடி வெடித்தார்கள். இருக்கையோடு பட்டியும் வரும் என்பதை யாரும் சின்ன எழுத்துகளில் படிக்கவில்லை.

*

பட்டியைக் கட்டச் செயலகத்தின் சார்பில் டாக்டர் யோகராணி வந்தார். மட்டக்களப்புக்காரர், நரைத்த கிராப்புத் தலை, முதுகில் ஒரு பை. வெள்ளைத்திடலில் தைலம்மையின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் இடது மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டியைச் சுற்றினார். தைலம்மையின் மகள் சுவேதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மூன்று வருடமாக அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிற பெண்.

"இது வலியை அனுப்பும் அம்மா. வெக்கை, பசி, தாகம், களைப்பு எல்லாத்தையும் அனுப்பும். காயத்தை அனுப்பாது. உங்கட கால் வெடிச்சா அவருக்கு வெடிக்காது. ஆனா வெடிச்ச மாதிரி இருக்கும்."

தைலம்மை பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவுகளுக்கு வலிச்சா எனக்குக் கொறையுமா?"

"இல்லை. குறையாது. அவருக்கும் வலிக்கும், அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு என்னா பிரயோசனம்?"

"உங்கட கஷ்டம் அவருக்குத் தெரிய வரும்."

"தெரியணும்னா இஞ்ச வந்து ஒரு நாளு நின்னாலே தெரிஞ்சிருமே. இதுக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு?"

யோகராணி சிரித்துவிட்டார். பிறகு இளவரசியைப் பார்த்துத் திரும்பினார். அப்போது சிரிப்பு இல்லை. "மாநாட்டு மண்டபத்துல ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால ஒரு விளக்கு இருக்கும். இவங்க உடம்பு நல்லா இருந்தா பச்சை. கஷ்டப்பட்டா சிவப்பு. பட்டி ரெண்டு கையிலயும் இருந்தாத்தான் விளக்கு எரியும். இன்னொண்டு, இவங்கட வாழ்க்கையை யாரும் வற்புறுத்தி மாத்தக் கூடாது. இவங்களா விரும்பி மாத்தினா அது வேற."

அந்தக் கடைசி வாக்கியத்தை இளவரசி குறித்துக்கொண்டாள். அவள் குறிக்காவிட்டாலும் தலைநகரில் யாரோ ஏற்கெனவே அதன் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

*

முதல் நாள் ஒன்றும் மாறவில்லை. விடியலுக்கு முன்பே தைலம்மை உப்பளத்துக்குப் போனாள். பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்தாள். மே மாதம். பதினொரு மணிக்கு மேல் உப்பு கண்ணாடியாக வெயிலைத் திருப்பி அடிக்கும். வாரின உப்பைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டி முடிக்க இரண்டு மணி ஆகும்.

ஆஸ்லோவில் அப்போது காலை பத்தரை. எட்டு டிகிரிக் குளிரில், மண்டபத்தின் படிக்கட்டில் எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் கோட்டு போட்டுக் குழுப்படத்துக்கு நின்றார்கள். மறுநாள் பத்திரிகைகளில் வந்த அந்தப் படத்தில் நம் அமைச்சர் மட்டும் ஒற்றைக் காலில் நிற்கிறார். கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியபடி. தொடக்க உரையில் நான்காவது வரியில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்கு இளவரசியின் கைபேசி அடித்தது.

"மேடம், வணக்கம். நான் குணசீலன். அமைச்சரோட உதவியாளர், ஆஸ்லோலேருந்து பேசறேன். அந்தம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டு இருப்பாங்க."

"நடந்தா?"

"நடந்துதான். ரெண்டு கிலோமீட்டர்."

மறுமுனையில் யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னது தெளிவாகக் கேட்டது. அது உதவியாளரின் குரல் இல்லை.

*

அன்று சாயங்காலமே கலெக்டர் கூப்பிட்டார். சுற்றுலா மாளிகையில் முதல் அறை ஒதுக்கியாகிவிட்டது. ஏசி, நர்ஸ், சமையல்காரர் எல்லாம் தயார். 'மாநாட்டின் மதிப்புறு விருந்தினர்' என்று தைலம்மையைக் கௌரவிக்கிறது அரசு. அவள் விரும்பி வரவேண்டும். விரும்ப வைக்க வேண்டியது இளவரசியின் பொறுப்பு. வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் வருகிறது என்பதையும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் கலெக்டர் ஒரே மூச்சில் சொன்னார்.

தைலம்மை உடனே மறுத்தாள். "எட்டு நாளா? பாத்திய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு கங்காணி. பொறவு நான் எங்க போறது?"

"அதுக்கு நான் பொறுப்பும்மா. கங்காணிகிட்ட பேசறேன்."

"நீங்க பேசுவீக. நீங்க போன பொறவு அவருதானே பேசுவாரு."

அது உண்மைதான். இளவரசி யோசித்தாள். அப்போதுதான் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. பின்னால் பல நாள் அவள் தூக்கத்தைக் கெடுத்த வார்த்தை. "உங்க எடத்துல எட்டு நாளைக்கு சுவேதா நிக்கட்டுமே?"

தைலம்மை மகளைப் பார்த்தாள். படிக்க வைத்ததே அந்தப் பாத்தியில் அவள் கால் படக் கூடாது என்றுதான். சுவேதா தோளைக் குலுக்கினாள். "எட்டு நாள்தானேம்மா. நீ முப்பது வருசம் நின்ன. போயி படுத்துத் தூங்கு."

விருப்பக் கடிதத்தில் தைலம்மை கையெழுத்துப் போட்டாள்.

*

அவளைச் சௌகரியமாக வைத்திருப்பது லேசான வேலையாக இல்லை. மெத்தையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொண்டது. கீழே படுத்தாள். தரை ஏசியில் குளிர்ந்து முழங்காலைக் குடைந்தது. அதிகாலையில் விழித்து வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதே அவளுக்கு ஒரு நோவாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் குணசீலன் கூப்பிட்டான்.

"மேடம், அமைச்சருக்கு முழங்கால் கொடையுதாம். ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

"மேடம், அந்தம்மா ஏதாவது வேலை செய்யட்டுமே. பூ கட்டட்டும். சும்மா இருக்கறது அவங்களுக்கு ஒத்துக்கல போல. இங்க நெஞ்சு படபடன்னு இருக்கு... ஐயாவுக்கு."

ஏசியை அணைத்து மின்விசிறி போட்டார்கள். பூவும் நாரும் வந்தன. நர்ஸ் தினமும் இரண்டு வேளை காலுக்குக் களிம்பு போட்டாள். நான்காம் நாள் தலைநகரிலிருந்து எழுத்துப்பூர்வமாக உத்தரவு வந்து, அழகு நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து, முப்பது வருட உப்பில் காய்த்துப்போன பாதத்தோலை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தாள். அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு புதுப் பாதம் வந்தது. தைலம்மை அதைத் தன்னுடையதா என்று சந்தேகமாகத் தொட்டுப் பார்த்தாள்.

"சின்னப்புள்ளையில இப்படித்தான் இருந்துருக்கும்போல."

சாப்பாடு மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாகப் போயிற்று. வஞ்சிரம் வறுவலும் ரசமும் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மத்தியானம், குணசீலன் கூப்பிட்டு என்ன சாப்பாடு என்று விசாரித்தான். "இங்க காலை விருந்துல எதையும் தொட முடியல மேடம். வயிறு நெறைஞ்சு கெடக்கு" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேறு மாதிரி கேட்டான். "மேடம், அவங்க ஏன் அழுதாங்க?"

இளவரசிக்கே அது தெரியாது. போய்ப் பார்த்தாள். தைலம்மை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவேதாவிடம் போனில் பேசியிருக்கிறாள். கை கொப்புளித்து உடைந்துவிட்டதாம், பேனா பிடிக்க முடியவில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம்.

"நல்லாருக்காங்கன்னு சொல்லட்டுமா?" என்றாள் இளவரசி, கையிலிருந்த போனைக் காட்டி.

"சொல்லுங்க. அவுகளாலயும் என்னா செய்ய முடியும்."

*

ஏழாம் நாள் அமைச்சர் பேசினார். சுற்றுலா மாளிகை டிவியில் தைலம்மை, இளவரசி, நர்ஸ், சமையல்காரர் நான்கு பேரும் பார்த்தார்கள். அமைச்சர் நிமிர்ந்து நின்றார். முன்னால் பளிச்சென்று பச்சை விளக்கு.

"என் மாநிலத்தில் ஒரு உப்பளத் தொழிலாளிச் சகோதரியின் உடம்பை நான் ஏழு நாட்களாகச் சுமக்கிறேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம். இந்த விளக்கை நம்புங்கள். என் பாதங்கள் வலிக்கவில்லை. எனக்குத் தாகம் இல்லை. எங்கள் கடற்கரை நலமாக இருக்கிறது!"

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. அத்தனை இருக்கைகளில் பச்சை எரிந்தது பதினோரு இடங்களில்தான். கொஞ்ச நேரத்தில் கீழே செய்தி ஓடியது: 'நலம் பெற்ற கடற்கரை' விருதுக்கு நம் மாநிலம் தேர்வு. ஒன்பதாம் நாள் உடன்படிக்கையில் கையெழுத்தும் விருது வழங்கலும்.

சமையல்காரர் கை தட்டினார். தைலம்மையும் தட்டினாள். இளவரசிக்குக் கை எழவில்லை. இரண்டு வருடம் முன்பு அவளே நடையாய் நடந்து எழுதி அனுப்பிய ஒரு கோப்பு இருந்தது. வெள்ளைத்திடல் உப்பளத்துக்கு நிழற்குடில்கள், குடிநீர்த் தொட்டி, கோடையில் பதினொரு மணிக்கு மேல் வேலை நிறுத்தம். உடன்படிக்கையின் உதவிப் பட்டியலில் அது இடம்பிடித்திருந்தது. சிவப்பு விளக்குக் கடற்கரைகளுக்குத்தான் உதவி. மறுநாள் காலை கோப்பு திரும்பி வந்தது. 'தேவை எழவில்லை' என்று ஒரே வரி.

அவள் அதைத் தைலம்மையிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதவி உயர்வுப் பட்டியலும் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

*

ஒன்பதாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு வெள்ளைத்திடலிலிருந்து போன் வந்தது. சுவேதா பாத்தியில் மயங்கி விழுந்துவிட்டாள். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

தைலம்மை செருப்பைக் கூடத் தேடாமல் வாசலுக்கு வந்துவிட்டாள். இளவரசி கலெக்டருக்குப் போன் போட்டாள்.

"பன்னெண்டு மணிக்குக் கையெழுத்தும்மா. இன்னும் ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் அந்தம்மா வெளிய போகக் கூடாது. டாக்டர்கிட்ட நான் பேசறேன், பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"சார், அவங்க அம்மா சார்."

"அமைச்சரோட அம்மா இல்லல்ல? வையிங்க."

இளவரசி போனை வைத்தாள். வாசலில் தைலம்மை நின்றுகொண்டிருந்தாள். 'விடுங்க' என்று கூடக் கேட்கவில்லை, இவளைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். இளவரசி பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பின்னால் விளக்கம் கேட்டபோது, எழுத அவளுக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் சுவேதாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தாள், உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஆபத்தில்லை, இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "கொண்டு போன தண்ணி தீந்துட்டும்மா" என்றாள் சுவேதா, தப்புச் செய்த மாதிரி. "கரைக்குப் போயி எடுத்தாரணும்னா அரைமணி நேரம் போயிரும். பாத்தி பின்தங்கிரும்னு இருந்துட்டேன்."

அதைக் கேட்டதும் இளவரசியால் அதற்கு மேல் வாயைக் கட்டிவைக்க முடியவில்லை. வராந்தாவுக்குத் தைலம்மையைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர்த் தொட்டி, நிழற்குடில், பச்சை விளக்கு, திரும்பி வந்த கோப்பு.

தைலம்மை குனிந்து தன் புதுப் பாதங்களைப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் ஏசில ஒறங்குனதுனாலதான் எம் புள்ளைக்குத் தண்ணி இல்ல?" என்றாள்.

"நான்தான்மா உங்களைக் கூப்பிட்டேன்."

"எப்ப கையெழுத்துன்னீக?"

"பன்னெண்டுக்கு."

"என்னைய அளத்துல கொண்டு போயி விடுங்க."

*

உப்பளத்தில் பதினொன்றே காலுக்கு நிழல் என்று எதுவும் இல்லை. தைலம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகள் விழுந்த பாத்தியிலேயே இறங்கினாள். இறங்கிய வேகத்தில் ஒரு சத்தம் போட்டாள். முப்பது வருடமாக அவளைக் காத்த தோல் இப்போது இல்லை. புதுப் பாதத்தில் உப்பு நேராக ஏறியது.

"ஏறிடுங்கம்மா!"

"இருங்க." பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை எடுத்தாள். "சும்மா நிக்க எனக்குத் தெரியாது" என்று வார ஆரம்பித்தாள்.

பக்கத்துப் பாத்திக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வரப்பில் நின்ற இளவரசி, அவளைத் தனியாக விடக் கூடாது என்று தோன்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைப் பாத்தியில் வைத்தாள். நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை என்பதில் ஒரு ஆறுதல்.

பன்னிரண்டு மணியாகி ஐந்து நிமிடம். கைபேசி அடித்தது. குணசீலன்தான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"மேடம்... அந்தம்மா எங்க நிக்கறாங்க?"

"உப்பளத்துல."

"அதானே பாத்தேன்."

"அமைச்சருக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காரு. இப்பதான் கையெழுத்துப் போட்டாரு. விருது வாங்கிட்டு நிக்கறாரு. சிரிச்சிட்டுதான் இருக்காரு."

"வலிக்கலையா அவருக்கு?"

மறுமுனையில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது.

"அவரு மொத நாள் சாயங்காலமே கழட்டி எங்கிட்ட குடுத்துட்டாரு மேடம். பிரதிநிதிக்கு ஒரு பிரதிநிதி இருக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லையாம், சட்டத்துறைல பாத்துச் சொன்னாங்க. எட்டு நாளா நான்தான் போட்டிருக்கேன். இப்ப ஓட்டல் குளியலறைல கெடக்கேன். தொட்டி நெறைய ஐஸ் தண்ணி விட்டுக் கால வச்சுப் பாத்துட்டேன். எரிச்சல் அடங்க மாட்டேங்குது."

"கழட்டிடுங்க தம்பி. அதான் கையெழுத்து முடிஞ்சிட்டே."

"கழட்டினா வெளக்கு அணைஞ்சிடும்க்கா." மேடம் என்கிற வார்த்தை எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "முக்கா மணி நேரமா செவப்பா எரியுது. கதவத் தெறந்து வச்சு ரூம் டிவியில பாத்துட்டுதான் இருக்கேன். யாராவது ஒருத்தர் கேக்க மாட்டாங்களான்னு பாக்கறேன்."

"கேட்டாங்களா?"

"பல்பு போச்சுன்னு ஆள் வந்து மாத்துனாரு. புதுசும் செவப்பா எரிஞ்சுது. விருதோட ஒரு பூங்கொத்து குடுத்தாங்கல்ல, ஐயா அதை வெளக்கு மேலயே வச்சிட்டாரு. இப்ப பூ மட்டும்தான் தெரியுது." வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம். "ஆனா எரியுதுக்கா. பூவுக்கு அடியில எரியுது. எரியட்டும்."

இளவரசி போனைக் காதிலிருந்து எடுத்தாள். பாத்தியிலிருந்து தைலம்மை நெற்றியில் கை வைத்துக் கூவினாள். "கையெழுத்து ஆயிட்டா?"

"ஆயிட்டும்மா."

"அவுகளுக்கு வலிச்சுதா?"

இளவரசி கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு, "வலிச்சுதும்மா. ரொம்ப வலிச்சுது. கழட்டச் சொன்னேன். கழட்ட மாட்டேன்னுட்டாரு" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தைலம்மை பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த கோபம் மெல்ல மெல்ல இறங்கியது.

"அப்படியா? கழட்டலையா? நல்ல மனுசன்தான் போல. நாமதான் தப்பா நெனச்சிட்டோம்." அவள் அவசரமாக வரப்பில் காலை வைத்து ஏறினாள். "போதும் போதும், பாவம். பழக்கமில்லாத ஒடம்பு. ஏம்மா, இஞ்ச நல்ல தண்ணி இருக்கா? கால்ல ஊத்துங்க. அவுகளுக்கும் குளுந்து போவட்டும்."

அங்கே நல்ல தண்ணீர் இல்லை. இளவரசி ஸ்கூட்டர் பையிலிருந்த அரை பாட்டில் தண்ணீரை எடுத்து அந்தப் பாதங்களில் ஊற்றினாள். திறந்தே இருந்த போனில், யாரோ ஒருவன் விம்மி விம்மி அழுவது கேட்டது.

*

விளக்கம் கேட்டு இளவரசிக்குக் குறிப்பாணை வந்தது. மதிப்புறு விருந்தினரை அனுமதியின்றி வெளியே அழைத்துச் சென்றது, அமைச்சரின் உடல்நலத்துக்கு ஊறு விளைவித்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. ஒரு வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒன்பதாம் நாளின் கடைசி ஒரு மணி நேரப் பதிவைக் கருவிக் கோளாறு என்று செயலகம் நீக்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரமே நடக்கவில்லை என்று ஆன பிறகு, அதில் குற்றம் எப்படி நடக்கும்? நடக்காத குற்றத்துக்குத் தண்டனை இல்லை. பதவி உயர்வுப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று கலெக்டர் மறுபடியும் சொன்னார்.

அமைச்சர் விருதோடு வந்து இறங்கினார். விமான நிலையத்தில் தவில் நாதஸ்வரம். குணசீலன் பின்னால் தாங்கித் தாங்கி நடந்து வந்ததை டிவியில் இளவரசி மட்டும் பார்த்தாள். பட்டியைக் கழற்றியும் சாயங்காலமானால் கால் எரிகிறதாம். ஸ்கேன் எடுத்த டாக்டர்கள் காலில் ஒன்றுமே இல்லை என்றார்களாம்.

ஆடி மாதத்தில் அரசிதழில் ஒரு அறிவிப்பு வந்தது. இனி ஆண்டுக்கு மூன்று மாநாடுகள். எல்லாவற்றிலும் இணைப்பட்டி உண்டு. ஆஸ்லோவில் நம் அரசு வகுத்த நடைமுறையை மற்ற அரசுகளும் பின்பற்றத் தொடங்கிவிட்டபடியால், அதை முறைப்படுத்தும் பொருட்டு 'உணர்வு உதவியாளர்' என்று இருபத்து நான்கு நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்படுகின்றன. தகுதி ஏதேனும் ஒரு பட்டம். இட ஒதுக்கீடு உண்டு. எழுத்துத் தேர்வு, பிறகு தாங்குதிறன் தேர்வு. பயிற்சி அளிப்பவர்: திரு. குணசீலன்.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு தைலம்மை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தாள். கூட சுவேதா, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் வேண்டும்.

"என்ன வேலைக்கு?" என்று கேட்டபடியே விண்ணப்பத்தைப் புரட்டிய இளவரசி நின்றுவிட்டாள். "அம்மா, இது என்ன வேலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். புள்ள படிச்சிச் சொன்னிச்சு." தைலம்மை எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப அன்னிக்கு வலிச்சது மந்திரிக்கு இல்ல."

"இல்லம்மா."

"யாரு பெத்த புள்ளையோ."

இளவரசி சுவேதாவைப் பார்த்தாள். கையில் கொப்புளங்கள் ஆறித் தழும்பாகியிருந்தன. "நீ படிச்ச பொண்ணு. ஊரான் வலியெல்லாம் உன் உடம்புல வாங்கணும். யாரோடது வரும்னே தெரியாது. வேற தேர்வு எழுதலாமேம்மா."

தைலம்மைதான் சொன்னாள், ஒரு சின்னப் பிள்ளைக்குக் கணக்கு விளங்க வைக்கிற பொறுமையோடு.

"வலிக்காத வேலை எது இருக்கு சொல்லுங்க, எங்களுக்கு? இஞ்ச நின்னாலும் அதே எரிச்சல்தான், அஞ்ச நின்னாலும் அதே எரிச்சல்தான். ஆனா அஞ்ச நாக்காலி இருக்காம். மேல கூரை இருக்காம். தாகம் எடுத்தா பக்கத்துலயே தண்ணி இருக்குமாம்ல." அவள் உறையை மேசைமேல் தள்ளினாள். "போட்டுக் குடுங்க தாயி. நாலு நாளுதான் இருக்கு."

இளவரசி பச்சை மைப் பேனாவை எடுத்தாள். வெளியே வரிசை நீண்டிருந்தது. அதில் பாதிப் பேர் கையில் அதே விண்ணப்பம் இருந்தது.